மேடையில் திருதிருவென விழிக்க எளிய வழிகள்

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீசில் உங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, பேரிடர் மேலாண்மை. கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் குடியிருந்தவர் ஆயிற்றே! அடையாறு தெருவுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர், மொட்டை மாடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர். "நமக்கா சொல்றதுக்கு விஷயம் இல்ல?" என்று ஒரு தெம்பு.

அந்தத் தெம்புதான் ஆபத்து. நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் மறக்கவே மறக்காது. மறக்காவிட்டால் எப்படி விழிப்பது? கவலை வேண்டாம். பள்ளிக்கூடத்திலேயே இந்த வித்தையில் பாதி தேறியவர் நீங்கள். மீதியை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

1. தெரிந்ததை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

வெள்ளக் கதையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? கல்யாணப் பந்தியில், ரயிலில், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில். ஒரு தடவையாவது துண்டுச் சீட்டு தேவைப்பட்டதா? நடுவில் போன் வந்தாலும், பேசி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்கள். எதையாவது விட்டுவிட்டால் "இரு இரு, அதுக்கு முன்னாடி கரண்ட் போச்சுல்ல" என்று பின்னால் போய் எடுத்துவந்து ஒட்டினீர்கள். கேட்டவர்களும் சாம்பாரை மறந்து கேட்டார்கள். இப்படிப்பட்ட ஒழுங்கீனத்தை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது.

நீங்கள் சொல்லும் விதம் இது: "தண்ணி மூணாவது படிக்கு வந்துடுச்சு. கீழ்வீட்டு ஆயா, பிரஷர் மாத்திரையை உள்ளே விட்டுட்டேன்னு இறங்கப் பாக்குறாங்க. புடவைத் தலைப்பைப் புடிச்சு இழுத்தேன். 'மாத்திரை இல்லாம செத்தா என்ன, தண்ணியில செத்தா என்ன, விடுடா'ங்கிறாங்க."

உடனே இதை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "வெள்ளநீர் குடியிருப்புப் பகுதிகளைச் சூழ்ந்ததன் விளைவாக முதியோர் உள்ளிட்ட நலிவடைந்த பிரிவினர் சொல்லொணாத் துயருக்கு ஆளாயினர்."

படி போயிற்று, மாத்திரை போயிற்று, ஆயாவும் போய்விட்டார். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத வழுவழுப்பான வாக்கியம். அருமையான தொடக்கம்.

2. முழுப் பேச்சையும் வாக்கியம் வாக்கியமாக எழுதுங்கள்.

குறிப்பு எடுப்பது சோம்பேறிகள் வேலை. ஆறு பக்கமாவது வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் "இன்றைய காலகட்டத்தில்" என்றே தொடங்குங்கள். இதன் பலன் மேடையில்தான் தெரியும். இரண்டாம் பத்தியின் வாசலில் நின்று "இன்றைய காலகட்டத்தில்" என்றதும் மூளை ஐந்தாம் பத்திக்குள் நுழைந்துவிடும். மூன்றும் நான்கும் அனாதையாக நிற்கும். ஒரே மாதிரித் தொடங்கும் வரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பது ஞாபக சக்தியை ஆராய்கிறவர்களுக்குப் பழைய செய்தி. நீங்கள் அதைக் காசில்லாமல் நிரூபித்துக் காட்டப்போகிறீர்கள்.

3. அர்த்தத்தை ஒழியுங்கள்.

இந்த விஷயத்தில் உங்கள் முன்னோடி ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். ஞாபகம் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளக்க, 1885-ல் வெளியான ஆராய்ச்சிக்காகத் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். அர்த்தமுள்ள சொற்களை எடுத்தால் ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் ஓடிவந்து உதவி செய்துவிடும் என்பதால், எதோடும் ஒட்டாத வெற்று அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி வரிசையாக உருப்போட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கழன்று போனதைக் கண்டார்.

அவர் பாடுபட்டு உண்டாக்கிய நிலையை "நலிவடைந்த பிரிவினர் சொல்லொணாத் துயருக்கு" என்ற இடத்திலேயே எட்டிவிட்டீர்கள். மிச்சமும் அப்படியே இருக்கட்டும். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்ற புள்ளிவிவரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அது உங்கள் வீட்டுப் படியில் எவ்வளவு உயரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எண் என்பதால் அதைச் சீட்டில் குறித்துவைக்கலாமே என்று தோன்றும். கூடாது. அதுவும் மனப்பாடம்தான். மேடையில் 29,000, 2,900 ஆகவும் 2,90,000 ஆகவும் மாறி மாறி வரும்போது சபையில் ஒரு சுறுசுறுப்பு ஏற்படும்.

4. சந்தம் எட்டிப் பார்த்தால் விரட்டுங்கள்.

ஆறாம் வகுப்பில் படித்த குறள் இன்னும் வருகிறதே, நேற்று எழுதிய பத்தி ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். குறளில் நடப்பது மோசடி. முதல் அடியில் நாலு சீர், அடுத்ததில் மூன்று, எதுகை ஒரு பக்கம் கையைப் பிடிக்கிறது, மோனை மறுபக்கம் தள்ளுகிறது. அடுத்த சொல் வேறு எங்கே போகும்? ஓதுவார் பதிகம் முழுவதையும் தாளைப் பார்க்காமல் பாடுவதும் இப்படித்தான், பண் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. நூற்றுக்கணக்கான வருடமாக மனப்பாடம் செய்தே வாழ்ந்த சமூகம் இது. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியதை மனப்பாடம் ஆகிறமாதிரி எழுதிவைத்தார்கள். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரையும் முன்மாதிரியாக இழுக்காதீர்கள். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர் அவர். நூறு விஷயத்தில் ஒரே சமயம் கவனம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் முதுகில் நெல்மணி எறிவார், எண்ணிக்கையும் தப்பக் கூடாது, தளையும் தட்டக் கூடாது என்கிற கலை அது. வாழ்நாள் பயிற்சி. உங்களிடம் இருப்பது வியாழக்கிழமை ராத்திரி.

5. வியாழக்கிழமை ராத்திரியை வீணாக்காதீர்கள்.

தினமும் கொஞ்சமாகப் படித்தால் ஞாபகத்தில் தங்கிவிடும் அபாயம் உண்டு. எபிங்ஹாஸே அதையும் எழுதிவைத்துவிட்டார். எல்லாவற்றையும் கடைசி ராத்திரிக்கு ஒத்திப்போடுங்கள். படிக்கும்போது தாளை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்காதீர்கள், கண்ணால் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, தாளை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். உங்களுக்கு வேண்டியது அந்த நம்பிக்கை. ராத்திரி 2 மணிக்கு அது உச்சத்தில் இருக்கும்.

6. தடுக்கினால் தலையிலிருந்து தொடங்குங்கள்.

நாலாம் பக்கத்தில் ஒரு சொல் வரவில்லையா? அந்த இடத்தைச் சரிசெய்யாதீர்கள். நேராக "அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே" என்பதற்குத் திரும்புங்கள். இப்படியே விடியும்வரை செய்தால் வரவேற்பு வரி எலும்பில் ஊறிவிடும். கடைசிப் பக்கத்தைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். சொற்களை இப்படிக் கோத்தால் ரயில் பெட்டிகள்போல ஒன்றின் கொக்கியில் அடுத்தது மாட்டியிருக்கும். ஒரு கொக்கி கழன்றால் போதும், எஞ்சின் மட்டும் "ஆன்றோர்களே" என்று கூவிக்கொண்டு போகும். வெள்ளக் கதையில் இந்த வசதி இல்லை. அதில் படகிலிருந்து தொடங்கினாலும் ஆயா வந்துவிடுவார், மாத்திரையிலிருந்து தொடங்கினாலும் படகு வந்துவிடும்.

7. குளியலறையில் பயிற்சி எடுங்கள்.

1975-ல் காடன், பேட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கு அடியிலும் கரையிலும் சொற்பட்டியல் படிக்கவைத்தார்கள். நீரில் படித்தது நீரிலும், கரையில் படித்தது கரையிலும்தான் நன்றாக ஞாபகம் வந்தது. பிற்பாடு வேறு சிலர் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதனால் என்ன, அந்த அபாயத்துக்கு நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? கதவைத் தாழிடுங்கள், குழாயைத் திறந்துவிடுங்கள், வாளியைப் பார்த்துப் பேசுங்கள். எதிரே மனித முகம் ஒன்று இருந்தால், அது புருவத்தைச் சுருக்கும்போது நீங்கள் விளக்கத் தொடங்கிவிடுவீர்கள். விளக்கத் தொடங்கினால் சொந்த வார்த்தை வந்துவிடும். வாளிக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

8. கெட்ட சகவாசம் தவிர்க்கவும்.

சிமோனிடிஸ் என்று ஒரு கிரேக்கக் கவிஞர். விருந்துக்குப் போனவரை யாரோ வெளியே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்ததும் கூரை இடிந்து உள்ளே இருந்தவர்கள் நசுங்கிப்போனார்கள். உடல்களை அடையாளம் தெரியவில்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்து இவர் ஒவ்வொருவராகச் சொன்னாராம். விருந்தாளிப் பட்டியலை யாரும் உருப்போட்டுக்கொண்டு விருந்துக்குப் போவதில்லை, இடம் தானாகவே மனதில் பதிந்திருக்கிறது. சிசரோ இந்தக் கதையைச் சொல்லி, பேச்சாளர்கள் பேச்சின் பகுதிகளை மனதிலுள்ள இடங்களில் வரிசையாக வைத்து நினைவில் வைத்துக்கொள்வதைப் பற்றி எழுதினார். உங்களிடமோ படிக்கட்டு, மொட்டை மாடி, படகு, நிவாரண முகாமாக இருந்த பள்ளிக்கூடம் என்று இடங்கள் வரிசையாகத் தயாராக இருக்கின்றன. அதனால்தான் எச்சரிக்கிறேன். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மார்க் ட்வைன் இன்னும் மோசம். ஆனால் நல்லபடியாகத்தான் தொடங்கினார். தன் சொற்பொழிவின் முக்கிய வரிகளுடைய முதல் எழுத்துகளைப் பத்து விரல் நகங்களிலும் மையால் எழுதிக்கொண்டு மேடையேறினார். கொஞ்ச நேரத்தில் எந்த விரல் வரைக்கும் வந்தோம் என்பதே தெரியாமல் போயிற்று. கூட்டம் முடிந்ததும் ஒன்றிரண்டு பேர் வந்து, கைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். இதுவரை நம்ம ஆள். அப்புறம் தடம் புரண்டுவிட்டார். வைக்கோல் போர், அதன் அடியில் பாம்பு மாதிரி ஒரு நெளிகோடு என்று கிறுக்கலாகச் சில படங்கள் போட்டார். நெளிகோட்டைப் பார்த்ததும் தான் நேரில் பார்த்த மேற்குப் பகுதிப் பண்ணை வாழ்க்கை முழுசாக வந்து நின்றது. படங்களைத் தூக்கி எறிந்த பிறகும், கால் நூற்றாண்டு கழித்தும் கண்ணை மூடினால் அவை தெரிந்தன என்று எழுதியிருக்கிறார். வரையத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

நகம் வெட்டாமல் வையுங்கள், அது போதும்.

9. யாராவது "நடந்ததைச் சொல்லேன்" என்றால், இப்படி மடக்குங்கள்.

அனுபவம் பொய் சொல்லும் என்று அடித்துச் சொல்லுங்கள். ஆதாரம் இருக்கிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்கு மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டோம் என்று அமெரிக்க மாணவர்களை எழுதச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை வருடம் போல ஆனபின் அதே ஆட்களைக் கேட்டால், பலர் சத்தியம் செய்யாத குறையாக வேறு கதை சொன்னார்கள். தாங்களே எழுதிய தாளைக் காட்டியும் சிலர் அசையவில்லை. உங்கள் கதையும் யோக்கியம் இல்லை. 2015-ல் மூன்றாவது படியில் நின்ற தண்ணீர், இப்போது ஏழாவது படியில் நிற்கிறது. அடுத்த கல்யாணத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிடும்.

ஆயாவைப் புடவைத் தலைப்பில் பிடித்தது மட்டும் மாறவில்லையே என்று அவர் எதிர்க்கேள்வி போடலாம். கடிகாரத்தைப் பாருங்கள், மீட்டிங் இருப்பதாகச் சொல்லுங்கள்.

அவர் போனதும் பேச்சை இன்னொரு முறை சரிபாருங்கள். எஸ்தோனியாவில் பிறந்து கனடாவில் வேலை பார்த்த உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972-ல் இரண்டு வகை ஞாபகத்தைப் பிரித்துக் காட்டினார். நடந்த ஒன்றை, அதே இடத்தில் நிற்பதுபோல மீண்டும் காண்பது ஒன்று. பிரான்சின் தலைநகர் பாரிஸ் என்பதுபோல, எங்கே எப்போது கற்றோம் என்று தெரியாமலே அறிந்திருப்பது மற்றொன்று. உங்கள் பேச்சு இரண்டிலும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடந்ததாகவும் இருக்கக் கூடாது, உங்களுக்குப் புரிந்ததாகவும் இருக்கக் கூடாது.

10. வெள்ளிக்கிழமை.

வெறுங்கையோடு ஏறுங்கள். தாள் சட்டைப் பையில் இருக்கட்டும், ஆனால் எடுக்கக் கூடாது. தலைவர், துணைத் தலைவர், ஒலிபெருக்கி அமைத்தவர்வரை அனைவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். இதுவரை பிரமாதமாகப் போகும். எலும்பில் ஊறிய பகுதியல்லவா?

மூன்றாம் நிமிடத்தில் நின்றுவிடுவீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1904 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், எழுதி உருப்போட்ட பேச்சை முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனார். அடுத்த சொல் வரவே இல்லை. கேட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அதற்கப்புறம் கட்டுக்கட்டாகக் குறிப்பு இல்லாமல் அவர் பேச எழுந்ததில்லை. அந்தக் கோழைத்தனம் நமக்கு வேண்டாம். 2009 ஜனவரி 20-ல் ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸைப் பாருங்கள். உறுதிமொழி மொத்தமே 35 சொல். தாள் இல்லாமல் சொல்லி, ஒரு சொல்லை இடம் மாற்றிவிட்டார். ஒபாமா தயங்கி நின்றார். மறுநாள் வெள்ளை மாளிகையில் இரண்டாவது தடவை உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. 35 சொல்லுக்கே இந்தக் கதி. உங்களிடம் ஆறு பக்கம்.

நின்றதும் செய்ய வேண்டியவை: மைக்கை இரண்டு தட்டுத் தட்டுங்கள். கூரையைப் பாருங்கள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கடைசியாகச் சொன்ன சொல்லை ஏற்றி இறக்கி மூன்று தடவை சொல்லுங்கள். அப்புறம் மிக முக்கியமானது. நீங்கள் விட்டுவிட்ட வரி எது என்பது உங்களைத் தவிர அந்த ஹாலில் எவருக்கும் தெரியாது. அவர்கள் கையில் உங்கள் தாள் கிடையாது. தாண்டிப் போனால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். எனவே அறிவியுங்கள். "மன்னிக்கவும், ஒரு வரியை விட்டுவிட்டேன், முதலிலிருந்து வருகிறேன்." ஆன்றோர்களே, சான்றோர்களே.

அறிவிக்கக் கூச்சமாக இருந்தால் முழுப் பிரதியையும் முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவையுங்கள். 2014-ல் மான்செஸ்டர் மாநாட்டில் தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் தாளில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நாட்டின் பற்றாக்குறையைப் பற்றிய பகுதி மறந்துபோயிற்று. பத்திரிகைக்காரர்களிடம் பிரதி ஏற்கெனவே போயிருந்ததால், மறுநாள் செய்தியே அதுதான்.

ஒரே ஒரு கண்டம் இருக்கிறது. பின் வரிசையில் உங்கள் பழைய டீம் பையன் உட்கார்ந்திருப்பான். நீங்கள் விழிப்பதைப் பார்த்து, "அண்ணே, அந்த ஆயா கதையைச் சொல்லுங்கண்ணே" என்று குரல் கொடுப்பான். சொல்ல ஆரம்பித்தால் கை தானாக எழும், குரல் இறங்கும், ஹாலில் போன் பார்த்துக்கொண்டிருந்தவன்கூட நிமிர்வான், இருபது நிமிடம் பறந்துபோகும். அத்தனை உழைப்பும் பாழ். அவனைப் பார்க்காத மாதிரி "இன்றைய காலகட்டத்தில்" என்று தொடங்குங்கள்.

11. வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

ஏசியின் சத்தம், மேனேஜர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை, முன் வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கியது, யாரோ இரக்கப்பட்டு நீட்டிய தண்ணீர் பாட்டில். எல்லாம் வரிசை தப்பாமல் ஞாபகம் இருக்கும். இதற்குப் பயிற்சி தேவையில்லை.

12. அடுத்த தலைமுறையைத் தயார்செய்யுங்கள்.

மூன்றாம் வகுப்பில் உங்கள் பெண்ணுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு, மழைநீர் சேகரிப்பு. போன வாரம்தான் அவள் மழையில் குதித்து, சொட்டச் சொட்ட வந்து, மாடிக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு, அது வடிகட்டித் தொட்டியில் விழுந்து மறைந்ததும் "அப்பா, இந்தத் தண்ணி எங்கே போகுது?" என்று துளைத்தெடுத்தாள். அதைப் பேசவிடாதீர்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதில் தொடங்கி, "நிலத்தடி நீர்மட்ட மேம்பாட்டின் அவசியம்" வரை நீங்களே இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தச் சொல்லுக்கு வலது கை உயர வேண்டும், எதற்கு இடது கை என்று சிவப்பு மையில் குறியுங்கள்.

போட்டியன்று முதல் வரிசையில் இடம்பிடியுங்கள். அவளோடு சேர்ந்து வாயசையுங்கள். அவள் நின்றதும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுங்கள், நடுவருக்குக் கேட்காமல், பக்கத்தில் இருக்கும் பெற்றோருக்கு மட்டும் கேட்கிற அளவில். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வாயும் அசைந்துகொண்டுதான் இருக்கும், அடுத்துப் பேசப்போகிற பையனுக்காக.